ஒன்றரை ஷிப்ட் வேலைக்கு நடுவே படிக்கிறவருக்கு எந்தப் பழக்கம் கைகொடுக்கும்?

கேள்வி இதுதான். பி.காம். முடித்த ஒரு தம்பி திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் தைத்த துணியில் குறை இருக்கிறதா என்று பார்க்கும் செக்கிங் பிரிவில் வேலை பார்க்கிறார். பெரும்பாலான நாட்கள் ஒன்றரை ஷிப்ட். காலை 8.30 மணிக்கு உள்ளே போனால் இரவு 8.30 ஆகிவிடுகிறது. டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வு எழுதி அரசு வேலைக்குப் போக வேண்டும் என்று நினைக்கிறார். ஜெயித்தவர்கள் எல்லோரும் விடியற்காலை 4 மணிக்கு எழுகிறவர்கள் என்று வீடியோக்களில் கேட்டு, தானும் எழுந்து பார்த்திருக்கிறார். இரண்டு வாரம் கூடத் தாங்கவில்லை. "எனக்கு வைராக்கியம் போதவில்லையா? வெற்றி பெறுகிறவர்களிடம் இருக்கும் பழக்கம் எது, மனநிலை எது?" என்பது அவர் கேள்வி.

தம்பி, வைராக்கியம் பற்றிய கவலையை முதலில் விடுங்கள். பகல் முழுக்க நின்றுகொண்டு பீஸ் பார்த்துவிட்டு, வீட்டுக்கு வந்தபின் புத்தகத்தைத் தொட வேண்டும் என்று நினைக்கிற ஒருவரிடம் மன உறுதி இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. உங்களுக்குச் சரிவராதது அந்த 4 மணிக் கணக்கு. இரவு 8.30க்கு வேலை முடிகிறது. வீடு வந்து, குளித்து, சாப்பிட்டு நிமிர்ந்தால் 10 மணி. படுக்க 11 ஆகும். 4 மணிக்கு எழுந்தால் தூக்கம் 5 மணி நேரம். பெரியவர்களுக்கு 7 மணி நேரமாவது தூக்கம் வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். அதிலும் படிக்கிறவருக்குத் தூக்கம் இரட்டிப்பு முக்கியம். பகலில் படித்ததை மூளை நிலைப்படுத்திக்கொள்ளும் வேலையில் பெரும் பங்கு தூக்கத்தில்தான் நடக்கிறது. 4 மணிக்கு எழுந்து படித்து வேலை வாங்கியவர்களில் எனக்குத் தெரிந்தவர்கள் இரவு 9 மணிக்கே படுத்துவிடுகிறவர்கள். உங்கள் ஷிப்டில் அதற்கு வழியில்லை. ஆகவே 6 மணிக்கு எழுங்கள். 6.15 முதல் 7.15 வரை ஒரு மணி நேரம் தெளிந்த மூளையோடு கிடைக்கும். அது போதுமா என்ற கேள்விக்கு, பின்னால் வருகிறேன்.

பல வருடங்களாக வார இறுதியில் போட்டித் தேர்வு எழுதுகிறவர்களுக்கு வகுப்பு எடுத்துவருகிறேன். ஜவுளிக்கடையில் நிற்கிறவர்கள், ஆட்டோ ஓட்டுகிறவர்கள், கைக்குழந்தையோடு வருகிற பெண்கள் எனப் பலரைப் பார்த்திருக்கிறேன். வேலைக்குப் போனவர்களிடம் பொதுவாக நான் கண்டது இரண்டு விஷயங்கள். படிப்பைத் தொடங்க அவர்கள் தினமும் புதிதாக முடிவெடுப்பதில்லை. அடுத்து, புத்தகத்தைத் திறந்து வைத்திருக்கும் நேரத்துக்குக் குறையாமல் மூடி வைத்துக்கொண்டு தங்களையே கேள்வி கேட்கிறார்கள்.

முதலாவதைப் பார்ப்போம். "இன்று எப்படியும் படிக்க வேண்டும்" என்ற எண்ணம் மிகப் பலவீனமானது. அதில் எப்போது, எங்கே, எதை என்ற மூன்றுமே இல்லை. பீட்டர் கோல்விட்சர் என்ற ஜெர்மன் உளவியலாளர் இதைச் சோதித்துப் பார்த்தார். 1997இல் வெளியான அவர் குழுவின் ஆய்வில், கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு ஊருக்குப் போகும் மாணவர்களிடம், கிறிஸ்துமஸுக்கு முந்தைய மாலையை எப்படிக் கழித்தீர்கள் என்று அடுத்த 48 மணி நேரத்துக்குள் எழுதி அனுப்பச் சொன்னார்கள். ஒரு பகுதியினரிடம் மட்டும், எந்த நேரத்தில் எந்த இடத்தில் உட்கார்ந்து எழுதுவீர்கள் என்று முன்கூட்டியே குறித்துத் தரச் சொன்னார்கள். அப்படிக் குறித்தவர்களில் நான்கில் மூன்று பங்குப் பேர் சொன்ன நேரத்துக்குள் எழுதி முடித்தார்கள். மற்றவர்களில் எழுதியது மூன்றில் ஒரு பங்குதான். இரண்டு தரப்புக்கும் ஆசை இருந்தது. நேரமும் இடமும் ஒரு தரப்பிடம் மட்டும் இருந்தன.

உங்களுக்கு இதை இப்படி மாற்றிக்கொள்ளலாம்: "காலையில் டீ குடித்து டம்ளரைக் கீழே வைத்ததும், ஜன்னல் பக்கம் உட்கார்ந்து தமிழ்ப் புத்தகத்தை எடுப்பேன்." டீ எப்படியும் தினமும் குடிக்கிறீர்கள். அதோடு படிப்பைக் கட்டிவிடுங்கள். எந்தப் பக்கம் என்பது முந்தின இரவே முடிவாகியிருக்க வேண்டும். புத்தகத்தை அந்தப் பக்கத்தில் பென்சில் வைத்து, உட்காரும் இடத்திலேயே வைத்துவிட்டுப் படுங்கள். காலையில் எதைப் படிக்கலாம் என்று யோசிக்க ஆரம்பித்தாலே பாதி நேரம் போய்விடும். படுக்கையில் சாய்ந்துகொண்டு படிப்பது வேண்டாம். ரூமில் நான்கு பேரோடு தங்கியிருந்தால் மாடிப்படியோ மொட்டை மாடியோ எதுவானாலும் சரி, தினமும் அதே இடமாக இருக்கட்டும்.

21 நாள் விடாமல் செய்தால் பழக்கமாகிவிடும் என்று சொல்வார்கள். அதை நம்பி, 22ஆம் நாளும் கஷ்டமாக இருக்கிறதே என்று மனம் உடைந்தவர்கள் நிறைய. 1960இல் ஒரு அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன், அறுவை சிகிச்சைக்குப் பிறகு நோயாளிகள் தங்கள் புதிய முகத்துக்குப் பழகக் குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்று எழுதினார். அங்கிருந்துதான் அந்த எண் பரவியது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் 96 பேரை 12 வாரம் கவனித்துச் செய்த ஆய்வு வேறு கதை சொல்கிறது. சாப்பாட்டோடு ஒரு பழம், சாப்பாட்டுக்கு முன் கொஞ்சம் ஓட்டம் என்று ஆளுக்கொரு புதுப் பழக்கத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். அது யோசிக்காமலே செய்யும் அளவுக்குப் படிய, நடுவாகப் பார்த்தால் 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாள் வரை ஆகும் என்று கணக்கு வந்தது. அந்த ஆய்வில் எனக்கு மிகப் பிடித்த முடிவு வேறொன்று. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனது, பழக்கம் உருவாவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை.

இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனென்றால் நம் பிள்ளைகள் படிப்பை விடுவது பெரும்பாலும் ஒரு நாள் தவறியதால் அல்ல. தவறிய அன்று இரவு "நான் எதற்கும் லாயக்கில்லை" என்று தன்னைத் தானே திட்டிக்கொண்டு, மறுநாள் புத்தகத்தைப் பார்க்கவே பயந்து, மூன்றாம் நாள் "அடுத்த மாதம் ஒன்றாம் தேதியிலிருந்து ஒழுங்காகத் தொடங்குவேன்" என்று தள்ளிவைப்பதால்தான். உங்களுக்கு ஷிப்மெண்ட் நெருக்கும் வாரங்கள் வரும். நள்ளிரவு வரை வேலை நடக்கும். அந்த நாட்களுக்கு என்று ஒரு குறைந்தபட்ச அளவை இப்போதே வைத்துக்கொள்ளுங்கள்: பழைய கேள்வித்தாளிலிருந்து 10 கேள்வி, அவ்வளவுதான். பேருந்தில் நின்றபடி முடித்துவிடலாம். அதுவும் முடியாத நாள் வந்தால் படுத்துத் தூங்குங்கள். மறுநாள் டீ டம்ளரைக் கீழே வைத்ததும் வழக்கம்போல் உட்காருங்கள். விட்டதைச் சேர்த்து இரண்டு நாள் பாடத்தை ஒரே நாளில் படிக்கப் போகாதீர்கள். அது மூன்றாம் நாளையும் சேர்த்துக் கெடுக்கும்.

இனி இரண்டாவது பழக்கம். என் கணிப்பில் முழு வித்தியாசத்தையும் உண்டாக்குவது இதுதான். ஆனால் பழக்கங்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதைத் தொடுவதே இல்லை.

பெரும்பாலோர் படிப்பது என்றால் திரும்பத் திரும்ப வாசிப்பதையே செய்கிறார்கள். வாசிக்க வாசிக்க வரிகள் பழகிப்போகும். பழகியதும் தெரிந்துவிட்டது போல இருக்கும். 2006இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ரோடிகர், கார்ப்பிக் என்ற இருவர் இதை நேராகச் சோதித்தார்கள். மாணவர்களில் ஒரு குழு ஒரு பகுதியை நான்கு முறை வாசித்தது. இன்னொரு குழு ஒரு முறை மட்டும் வாசித்துவிட்டு, மூன்று முறை பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துத் தேர்வு வைத்தபோது வாசித்தவர்களே மேல். ஒரு வாரம் கழித்து வைத்தபோது நிலைமை தலைகீழ். நான்கு முறை வாசித்தவர்களுக்கு 40 சதவிகிதம்தான் நினைவில் இருந்தது, எழுதிப் பார்த்தவர்களுக்கு 61 சதவிகிதம். எனக்கு நன்றாக நினைவிருக்கும் என்று அதிக நம்பிக்கையோடு சொன்னவர்களும் வாசித்த குழுதான். நன்றாகப் படித்தோம் என்ற உணர்வை நம்பித் தேர்வு அறைக்குப் போகக் கூடாது என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம்.

நம் பாடத்திலிருந்தே ஓர் உதாரணம் சொல்கிறேன். திரிகடுகம் எழுதியவர் நல்லாதனார், சிறுபஞ்சமூலம் காரியாசான், ஏலாதி கணிமேதாவியார். வாசிக்கும்போது மிகச் சுலபம். மூன்றுமே மருந்துப் பெயர் கொண்ட நூல்கள் என்பதால் சேர்ந்தே மனதில் உட்காரும். சேர்ந்தே உட்கார்ந்ததால் சேர்ந்தே குழம்பும். சுக்கு, மிளகு, திப்பிலி மூன்றும் திரிகடுகத்திலும் உண்டு, ஏலாதியிலும் உண்டு. காரியாசானும் கணிமேதாவியாரும் மாக்காயனாரிடம் படித்த ஒருசாலை மாணாக்கர்கள். "பொருத்துக" என்று கேள்வி வந்து நான்கு விடைகள் கண்முன் நிற்கும்போது, வாசித்து மட்டும் வைத்தவருக்கு நான்கும் சரி போலத் தெரியும். புத்தகத்தை மூடிவிட்டு, வெள்ளைத்தாளில் மூன்று நூல்கள், ஆசிரியர்கள், அவற்றில் வரும் மருந்துப் பொருட்கள் என்று எழுதிப் பார்த்தவருக்கு, தான் எங்கே தடுமாறுகிறோம் என்பது அன்றைக்கே தெரிந்திருக்கும். அரசியலமைப்பும் இப்படித்தான். பிரிவு 14, 17, 21, 32 என்று வரிசையாக வாசித்தால் எல்லாம் தெரிந்தது போலிருக்கும். 17 எதைப் பற்றியது என்று தனியாகக் கேட்டால் நாக்கு நுனியில் நிற்கும். தீண்டாமை ஒழிப்பு என்று தட்டுத்தடுமாறி ஒருமுறை நீங்களே வரவழைத்துவிட்டால் அது தங்கிவிடும்.

அந்தத் தடுமாற்றம் பிடிக்காமல்தான் மனம் மீண்டும் வாசிப்பதற்கே ஓடும். அங்கே நிறுத்திப் பழக வேண்டும். காலை ஒரு மணி நேரத்தை இப்படிப் பிரியுங்கள்: அரை மணி நேரம் வாசிப்பு, அரை மணி நேரம் புத்தகத்தை மூடி எழுதுவது. ஒரு இயலில் பாதிதான் முடிந்தது என்றாலும் பரவாயில்லை.

மறதி பற்றியும் ஒரு வார்த்தை. ஹெர்மன் எபிங்காஸ் என்ற ஜெர்மானியர் பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு வேகமாக மறக்கிறது என்று அளந்து 1885இல் வெளியிட்டார். முதல் சில மணி நேரங்களில்தான் மறதி மிக வேகம், பிறகு மெதுவாகிவிடுகிறது. எனவே படித்ததை மறுநாள் ஒருமுறை, மூன்று நாள் கழித்து ஒருமுறை, ஒரு வாரத்தில் ஒருமுறை, ஒரு மாதத்தில் ஒருமுறை தொட வேண்டும். இதற்குத் தனி நேரம் வேண்டாம். சட்டைப்பையில் அடங்கும் ஒரு சின்ன நோட்டு போதும். இடது பக்கம் கேள்வி, வலது பக்கம் பதில். டீ டைமில் ஐந்து நிமிடம், மதியச் சாப்பாட்டு நேரத்தில் 15 நிமிடம் வலது பக்கத்தை மறைத்துக்கொண்டு பாருங்கள். காலை ஒரு மணி நேரம் போதுமா என்ற கேள்விக்கு என் பதில் இதுவே. காலையில் புதிய பாடம், பகலில் துண்டு துண்டாகப் பழைய பாடம், ஞாயிற்றுக்கிழமை தேர்வு. இப்படி நடந்தால் போதும். செக்கிங் டேபிளில் நிற்கும்போது மட்டும் படிப்பு வேண்டாம். கண்ணும் மனமும் பீஸ் மேல் இருக்க வேண்டிய வேலை அது.

செய்கிற வேலையையும் படிப்பையும் இரண்டு எதிரிகளாகப் பார்க்க வேண்டியதில்லை. உங்கள் தொழிலிலேயே ஒரு நல்ல பாடம் இருக்கிறது. ஒரு பீஸில் தப்பு இருந்தால் வெறுமனே ஓரமாகப் போட மாட்டீர்கள். ஓட்டையா, எண்ணெய்க் கறையா, தையல் விட்டிருக்கிறதா என்று பார்த்து, ஸ்டிக்கர் ஒட்டி, எங்கே சரி செய்ய வேண்டுமோ அங்கே அனுப்புவீர்கள். தவறான விடைகளையும் அப்படியே பாருங்கள். மாதிரித் தேர்வில் 70 கேள்வி தப்பு என்றால் அந்த எண்ணைப் பார்த்துச் சோர்வதில் பயனில்லை. அதில் பாடமே படிக்காததால் போனவை எத்தனை, படித்து மறந்தவை எத்தனை, தெரிந்திருந்தும் கேள்வியைச் சரியாக வாசிக்காமல் விட்டவை எத்தனை என்று மூன்றாகப் பிரியுங்கள். "தவறான இணை எது" என்ற கேள்விக்குச் சரியான இணையைக் குறித்துவிட்டு வருகிறவர்கள் ஒவ்வொரு முறையும் இருக்கிறார்கள். "கூற்று, காரணம்" வகைக் கேள்விகளில் இரண்டும் சரி, ஆனால் காரணம் அந்தக் கூற்றை விளக்கவில்லை என்ற இடத்தில் பலர் வழுக்குகிறார்கள். இந்த மூன்றாவது வகைத் தப்புக்கு இன்னும் படிப்பது மருந்தாகாது. கேள்வியின் கடைசிச் சொல்லை அடிக்கோடிட்டுவிட்டு விடைக்குப் போகும் பழக்கம்தான் மருந்து.

தேர்வின் அமைப்பு தெரிந்திருக்கும், இருந்தாலும் பழக்கத்தோடு சேர்த்துப் பாருங்கள். 200 கேள்வி, 300 மதிப்பெண், 3 மணி நேரம், பத்தாம் வகுப்புத் தரம். தமிழில் 100, பொது அறிவில் 75, திறனறிவில் 25. தமிழ்ப் பகுதியில் 40 சதவிகிதம், அதாவது 150க்கு 60 மதிப்பெண் எடுக்காவிட்டால் மீதிப் பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். பாதி மதிப்பெண் தமிழில் இருப்பதால்தான் காலை நேரத்தைத் தமிழுக்குக் கொடுக்கச் சொன்னேன். 180 நிமிடத்தில் 200 கேள்வி என்றால் ஒரு கேள்விக்கு 54 வினாடி. 25 கணக்குக் கேள்விகளுக்கு 40 நிமிடம் ஒதுக்கினால் மற்றவற்றுக்கு 48 வினாடிதான். ஓஎம்ஆர் எனும் விடைத்தாளில் வட்டத்தைக் கறுப்புப் பேனாவால் நிரப்பும் நேரமும் இதற்குள் அடக்கம். எனவே ஞாயிற்றுக்கிழமை மாதிரித் தேர்வைக் காலை 9.30க்கு உட்கார்ந்து 12.30 வரை ஓஎம்ஆர் தாளில், அதே பேனாவால் எழுதுங்கள். வாரா வாரம் முழுத் தேர்வு முடியாவிட்டால் ஒரு வாரம் தமிழ் மட்டும், ஒரு வாரம் மற்றது.

கணக்கு என்றதும் பி.காம். படித்தவர்களில்கூடப் பலர் பின்வாங்குகிறார்கள். "எனக்கு மேத்ஸ் வராதுங்க" என்ற வாக்கியத்தை வகுப்பில் அதிகம் கேட்டிருக்கிறேன். அதைச் சொல்கிறவர் பத்தாம் வகுப்பில் நடந்த ஏதோ ஒன்றைத்தான் சொல்கிறார். சதவிகிதம், தனிவட்டி, கூட்டுவட்டி, மீப்பெரு பொது வகுத்தி, மீச்சிறு பொது மடங்கு, பரப்பளவு, கன அளவு, வேலையும் நேரமும்: பட்டியல் அவ்வளவு பெரியதில்லை. ஒருவர் 12 நாளில் முடிக்கும் வேலையை இன்னொருவர் 6 நாளில் முடிப்பார், சேர்ந்தால் எத்தனை நாள்? முதலாமவர் ஒரு நாளில் பன்னிரண்டில் ஒரு பங்கு, இரண்டாமவர் ஆறில் ஒரு பங்கு, கூட்டினால் நான்கில் ஒரு பங்கு, ஆக 4 நாள். இந்த ஒரு வகையில் தினமும் ஐந்து கணக்கு என்று ஒரு வாரம் போடுங்கள். அடுத்த வாரம் அடுத்த வகை. பேனாவால் போட வேண்டும், வீடியோவில் யாரோ போடுவதைப் பார்க்கக் கூடாது.

மனநிலையைப் பற்றிக் கேட்டீர்கள். "என்னால் முடியும்" என்று கண்ணாடி முன் நின்று சொல்வதாலோ, தாசில்தார் அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பது போலத் தினமும் கனவு காண்பதாலோ நடப்பது ஒன்றுமில்லை, சில சமயம் கெடுதலும் உண்டு. கேப்ரியல் ஓட்டிங்கன் என்ற உளவியலாளரின் குழு, படிப்பு முடித்து வேலை தேடிய ஜெர்மன் பட்டதாரிகளை இரண்டு வருடம் கழித்து மீண்டும் பார்த்தது. வேலை கிடைத்துவிட்டதாக இனிய கனவில் அதிகம் மூழ்கியவர்கள் குறைவாகவே விண்ணப்பித்திருந்தார்கள், அவர்களுக்கு வந்த வேலைகளும் குறைவு, சம்பளமும் குறைவு. கிடைக்கும் என்று நியாயமாக எதிர்பார்த்தவர்கள் நன்றாகவே செய்திருந்தார்கள். போன வாரம் போட முடியாத கணக்கை இந்த வாரம் போட்டுவிட்டோம் என்பது போன்ற கைச்சரக்கிலிருந்து வரும் நம்பிக்கைதான் நிற்கும். நோட்டில் தேதி போட்டு மதிப்பெண்ணை எழுதி வாருங்கள். மனம் தளர்கிற அன்று யாருடைய ஊக்கப் பேச்சையும் கேட்க வேண்டாம், அந்தப் பக்கங்களைப் புரட்டுங்கள்.

போனைப் பற்றி நீட்டவில்லை. காலை அந்த ஒரு மணி நேரம் அது வேறு அறையில் இருக்கட்டும். டெலிகிராம் குரூப்களில் பிடிஎஃப் சேர்ப்பது படிப்பில் சேராது. பள்ளிப் பாடநூல்கள் அரசு இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பழைய கேள்வித்தாள்களையும் விடைக்குறிப்புகளையும் தேர்வாணையமே வெளியிடுகிறது. இந்த இரண்டையும் முடித்த பிறகு வேறு மெட்டீரியல் தேடலாம்.

முடிந்தால் ஒரு கூட்டாளியைப் பிடியுங்கள். அதே கம்பெனியில் பேக்கிங்கிலோ அயர்னிங்கிலோ இந்தத் தேர்வுக்குப் படிக்கிறவர் ஒருவர் நிச்சயம் இருப்பார். சேர்ந்து உட்கார்ந்து படிக்க வேண்டாம், அது பேச்சில் முடியும். டீ டைமில் ஒருவர் நோட்டை மற்றவர் வாங்கி ஐந்து கேள்வி கேட்டால் போதும். மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையங்களில் தன்னார்வ பயிலும் வட்டம் என்ற பெயரில் இலவச வகுப்புகள் நடக்கின்றன. விடுமுறை நாளில் வகுப்போ மாதிரித் தேர்வோ உண்டா என்று நேரில் போய்க் கேளுங்கள். பெரிய தொகை கட்டிக் கோச்சிங் சேர்வதற்கு முன் இதைச் செய்யுங்கள், கடன் வாங்கிச் சேரவே வேண்டாம்.

தேர்வு அறிவிப்பு வந்தபின் சூப்பர்வைசரிடம் வெளிப்படையாகப் பேசி, வாரத்தில் இரண்டு நாள் மட்டும் ஒரு ஷிப்டோடு விடச் சொல்லிக் கேளுங்கள். இரண்டு அரை ஷிப்ட் போனால் வாரத்துக்கு ஒரு ஷிப்ட் சம்பளம் குறையும். பதிலுக்கு 5.30 முதல் 8.30 வரை இரண்டு மாலைகள், ஆறு மணி நேரம் கிடைக்கும். அந்தக் குறைந்த வாரச் சம்பளத்தில் வீடு தாங்குமா என்பதை வீட்டில் உட்கார்ந்து பேசித்தான் முடிவெடுக்க வேண்டும். வேலையை முழுதாக விட்டுவிட்டுப் படிப்பதை உங்கள் நிலையில் நான் ஆதரிக்க மாட்டேன். வருமானம் நின்ற வீட்டில் ஒவ்வொரு மாதமும் கேட்கப்படும் கேள்விகள் படிக்கிறவரின் தூக்கத்தைக் கெடுத்துவிடும்.

நல்ல பழக்கம் இருந்தால் வெற்றி நிச்சயம் என்று உங்களிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2024 குரூப் 4 தேர்வுக்கு முதலில் அறிவிக்கப்பட்ட இடங்கள் 6,244. விண்ணப்பித்தவர்கள் 20 லட்சத்துக்கும் மேல். இடங்கள் பின்னர் கூட்டப்பட்டன என்றாலும், நன்றாகப் படித்தும் ஒன்றிரண்டு கேள்வியில் வெளியே நின்றவர்கள் எத்தனையோ பேர். அவர்களுக்குப் பழக்கம் சரியில்லை என்று சொல்வது அநியாயம். எனவே படிக்கத் தொடங்கும் முன்பே ஒரு எல்லை வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை தேர்வுகள் வரை எழுதுவது என்று வீட்டாரோடு பேசி முடிவு செய்து ஒரு தாளில் எழுதி வையுங்கள். பட்டதாரி என்பதால் குரூப் 2, 2ஏ தேர்வுகளையும் எழுதலாம். பாடத்திட்டத்தில் நிறையப் பகுதி பொதுவானது, படிப்பு வீணாகாது. கூடவே பி.காம். பட்டத்தைத் துருப்பிடிக்க விடாதீர்கள். டேலி என்ற கணக்கு மென்பொருளும் ஜிஎஸ்டி கணக்குத் தாக்கலும் தெரிந்தால் திருப்பூரில் கம்பெனி அலுவலகத்துக்குள்ளேயே நகர வழியுண்டு. ஒரு தேர்வு முடிந்து அடுத்த அறிவிப்பு வரும் வரையிலான மாதங்களில், அதே காலை ஒரு மணி நேரத்தை இதற்குக் கொடுங்கள். மாற்று வழி ஒன்று கையில் இருக்கிறவர் தேர்வு அறையில் பதறுவதில்லை என்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இப்போது உங்களிடம் கேட்பது ஒன்றுதான். வரும் ஞாயிற்றுக்கிழமை பழைய குரூப் 4 கேள்வித்தாள் ஒன்றை எடுத்து, எதுவும் படிக்காமல் அப்படியே மூன்று மணி நேரம் எழுதுங்கள். தமிழ், பொது அறிவு, திறனறிவு மூன்றிலும் எத்தனை சரி என்று தனித்தனியாக எண்ணி எழுதுங்கள். தப்பானவற்றை மேலே சொன்ன மூன்று வகையாகப் பிரித்து அந்த எண்களையும் பக்கத்தில் போட்டு அனுப்புங்கள். திங்கட்கிழமைக் காலை எந்தப் புத்தகத்தின் எந்தப் பகுதியில் தொடங்கலாம் என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.